கோயில் திருப்பணியும் பழமையைக் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்ட ஊர்களிலிருந்து வரும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள், உபயதாரர்கள், அப்புறம் லீவுக்கு ஊருக்குப் போய் கோயிலைப் பார்த்து மனசு கேட்காமல் எழுதுகிற பிள்ளைகள். நான் பன்னிரண்டு வருடமாகக் கல்வெட்டு படிக்கும் நண்பர்களோடு காவிரிக் கரைக் கோயில்களில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும், வேலை தெரிந்த ஸ்தபதிகளிடமும் தொல்லியல்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்தும் பதில் சொல்கிறேன். பாரம்பரியப் பாதுகாப்பு இனி எப்படிப் போகும் என்று பேசுகிறவர்கள் ஸ்கேனர், ட்ரோன் என்று ஆரம்பிக்கிறார்கள். நம் ஊரைப் பொறுத்தவரை அது அடுத்த திருப்பணியில் என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

திருப்பணி நல்ல காரியம்தானே? அதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை. கவனிக்க ஆளில்லாமல் விட்ட கோயிலில் அரசமரம் வேர்விட்டு விமானத்தைப் பிளந்துவிடும், மழைநீர் உள்ளே இறங்கும், பிறகு ஒருநாள் இடிந்து விழும். காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது. இன்று அங்கே நிற்பது புதிதாகக் கட்டி 2017-ல் குடமுழுக்கு செய்த கோபுரம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஐந்நூறு வருடக் கோபுரம் போனது போனதுதான்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்த இழப்புகளில் முக்கால்வாசி, யாரோ பக்தியோடு கைக்காசு போட்டுச் செய்த வேலையில் நடந்தவை. என் அம்மா பிறந்த ஊர்க் கோயிலில் மகாமண்டபத்தின் வாசற்படி ஓரம் ஒரு துண்டுக் கல்வெட்டு இருந்தது, நுந்தாவிளக்கு (அணையா விளக்கு) எரிக்க யாரோ ஆடு கொடுத்த செய்தி. சின்ன வயதில் அந்த எழுத்தின் மேல் விரல் வைத்து ஓட்டியிருக்கிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது தெரியாது. படிக்கக் கற்றுக்கொண்டு போனபோது தரை முழுக்கப் பளபளவென்று கிரானைட் போட்டிருந்தார்கள். அந்தப் படிக்கல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதைச் செய்தவர் நல்ல மனிதர், கோயிலுக்காக நிலம் விற்றவர். அவரிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் கல் புதுசு போல வருகிறதே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

புதுசு போல வருவதுதான் பிரச்சினையே. காற்றழுத்தத்தில் மணலை வீசி அடிக்கும்போது அழுக்கோடு சேர்ந்து கல்லின் மேல்தோலும் போகிறது. கல்வெட்டு எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான், அதன் விளிம்பு மழுங்கிவிட்டால் ‘ர’ எழுத்தா, ‘கா’வில் வரும் கால் குறியா என்று யாராலும் சொல்ல முடியாது. சிற்பத்தின் கண்ணிமை, நகை வேலைப்பாடு, சிற்பியின் உளித்தடம் எல்லாம் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. அதோடு சொரசொரப்பான கல் முன்பைவிட வேகமாகத் தண்ணீரையும் எண்ணெய்ப் புகையையும் பிடித்துக்கொள்ளும். நாலு வருடத்தில் பழையபடி கறுத்துவிடும்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் இதற்குத் தடை உண்டு. ஆனாலும் ‘வாட்டர் வாஷ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடிப்பதும் கிட்டத்தட்ட அதே கெடுதலைச் செய்யும். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க மென்மையான பிரஷ், தண்ணீர், மிதமான ரசாயனக் கலவை, காகிதக் கூழைப் பற்றுப்போல அப்பி அழுக்கை உறிஞ்ச வைப்பது என்று நிதானமான வழிகள் இருக்கின்றன. அதற்கு வேதியியல் தெரிந்த பாதுகாப்பாளர் ஒருவர் வந்து முதலில் ஓரமாக ஒரு சாண் இடத்தில் செய்து பார்க்க வேண்டும். சரி, கறை கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் என்ன? ஆயிரம் வருடம் எரிந்த விளக்கின் புகை அது.

சிமெண்ட் வலுவானது. சுண்ணாம்புக்குத் திரும்பிப் போகச் சொல்வது பழமை மோகம் இல்லையா?

இல்லை. இது முழுக்கக் கட்டுமானக் கணக்கு.

பழைய செங்கல்லும் சுதையும் (சுண்ணாம்புச் சாந்தில் செய்த உருவ வேலை) மூச்சு விடுகிறவை. மழையில் ஈரம் உள்ளே போகும், வெயிலில் வெளியே வரும். சுண்ணாம்புச் சாந்து அந்தப் போக்குவரத்தைத் தடுக்காது. மேலே சிமெண்ட் பூசிவிட்டால் எங்கிருந்தாவது உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லிலேயே தங்கும், அதிலிருக்கும் உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பார்த்தால் சுவர் கெட்டியாக நிற்கும், தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். இன்னொன்று, சிமெண்ட் செங்கல்லைவிடக் கடினம். கட்டடம் வெப்பத்தில் கொஞ்சம் விரியும்போது விட்டுக்கொடுக்க வேண்டியது சாந்து. சாந்து விட்டுக்கொடுக்காவிட்டால் செங்கல்தான் உடையும். அப்புறம் உள்ளே வைக்கும் கம்பி. அது துருப்பிடித்துப் பருக்கும்போது சுற்றியிருக்கும் கல்லையே பிளந்துவிடும்.

சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகிறது. அதனால்தான் சிறிய வெடிப்புகள் காலப்போக்கில் தானே அடைந்துகொள்கின்றன. இந்தக் குணத்துக்காகவே மற்ற நாடுகளிலும் பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பைத்தான் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள்.

தளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒழுகுகிறது என்று ஒவ்வொரு திருப்பணியிலும் மேல்தளத்தில் ஒரு அடுக்குப் போடுகிறோம், பழையதை எடுப்பதில்லை. நாலைந்து திருப்பணிக்கு அப்புறம் அந்த எடை முழுவதும் கீழே இருக்கும் கல் உத்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். உத்திரத்தில் விரிசல் கண்டால் தூண் முட்டுக் கொடுப்பதற்கு முன்னால் மேலே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பாருங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஆனால் தேடிப் போக வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, மணலோடு அரைத்து எடுக்க வேண்டும். முன்பு மாடு கட்டி வட்டக் குழியில் கல்லுருளை ஓட்டி அரைத்தார்கள், இப்போது மோட்டார். பூசிய பிறகும் அவசரப்படக் கூடாது. சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும், ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் சுவர் தொட்டால் வழுக்குகிறதே, அதுவும் இந்தக் கைப்பக்குவத்தின் இன்னொரு வடிவம்தான், அங்கே முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த வேலையைத் தெரிந்த கொத்தனாருக்கு வருடம் முழுக்க வேலை கிடைப்பதில்லை, அதுதான் உண்மையான ஆபத்து. கல் அழிய ஆயிரம் வருடம் ஆகும். கைப்பக்குவம் அழிய ஒரு தலைமுறை போதும், அப்பா சிமெண்ட் வேலைக்குப் போய்விட்டால் மகனுக்குச் சுண்ணாம்பு தெரியாது. மாமல்லபுரத்தில் 1957-லிருந்து அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, சுவாமிமலையில் மெழுகுவார்ப்புக் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் புதுச்சிலை செய்யும் திறமையும் பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கும் திறமையும் ஒன்றல்ல. முதலாவதற்குக் கல்லூரியும் சந்தையும் இருக்கின்றன, இரண்டாவதற்குச் சரியான பாதை இன்னும் இல்லை. மாநிலம் முழுக்க நடக்கும் திருப்பணிகளில் பத்தில் ஒரு பங்காவது சுண்ணாம்பில் நடந்தால் அந்தப் பாதை தானாக உருவாகும் என்பது என் நம்பிக்கை.

கோயில் வழிபாட்டில் இருக்கும் இடம். எதையும் தொடக் கூடாது என்றால் எப்படி?

யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொன்னால் நானே ஒத்துக்கொள்ள மாட்டேன். பூஜை நின்ற கோயில்தான் சீக்கிரம் பாழாகிறது. அஷ்டபந்தன மருந்து சாத்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து இடித்துப் பீடத்துக்கும் சிலைக்கும் நடுவே சாத்துகிறோம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்தலாம், சிலைக்கு ஒன்றும் ஆகாது. பாதுகாப்பு நிபுணர்கள் இன்று பெரிய கொள்கையாகச் சொல்வதும் இதையேதான். சேர்ப்பது எதுவானாலும் பின்னால் எடுக்க முடிய வேண்டும், எடுக்கும்போது பழையது கெடக் கூடாது. கல்தூணில் எனாமல் பெயிண்ட் இந்தச் சோதனையில் தோற்கும். தரையில் சிமெண்ட் போட்டு ஒட்டிய டைல்ஸும் தோற்கும். மரத்தில் தனியாகச் செய்து வைத்த வரிசைத் தடுப்பு ஜெயிக்கும்.

ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். தினமும் ஆயிரக்கணக்கில் ஜனம் வரும் கோயில் அது, அங்கே நடந்த சீரமைப்புக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கும்பகோணம் பக்கத்தில் துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலுக்கும் 2024-ல் அதே விருது. வழிபாடும் பாதுகாப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்க முடியும் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

எங்கள் கோயில் சுவரில் பழைய ஓவியம் இருக்கிறது, மங்கிவிட்டது. திரும்ப வரையச் சொல்லலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

மங்கிய ஓவியத்தின் மேல் புது வண்ணம் பூசினால் அடுத்த நிமிடம் அது நேற்று வரைந்த ஓவியம். அதன் வயது போய்விடும். மங்கியதை மங்கியபடியே நிலைநிறுத்த முடியும். பிரிந்து நிற்கும் காரையை ஊசி வழியாகப் பசை செலுத்தி ஒட்டுவது, புகைப்படலத்தை எடுப்பது, கூரை ஒழுகலை நிறுத்துவது, வௌவால் வராமல் வலை போடுவது என்று. இதில் ஒழுகலை நிறுத்துவதும் வலை போடுவதும் உங்கள் குழுவே செய்யக்கூடியது, அதுவே பாதிப் பாதுகாப்பு.

திருவாரூர் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தி கதை வரைந்திருக்கிறது, வரைந்த ஓவியர் சிங்காதனம் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். பெயர் தெரிந்த பழைய தமிழ் ஓவியர்கள் எத்தனை பேர் நமக்கு இருக்கிறார்கள்? புகையும் ஒழுகலும் தின்றுகொண்டிருந்த அந்த ஓவியங்களைப் பொறுமையாகச் சுத்தம் செய்து நிலைநிறுத்தினார்கள். யாராவது ‘புதுப்பித்திருந்தால்’ சிங்காதனத்தின் கோடு இன்று இல்லை.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேலே இருப்பதும் நானூறு வருடப் பழமை, கீழே இருப்பது ஆயிரம். எதை வைத்துக்கொள்வது? தொல்லியல் துறை பிற்பாடு மேல்படலத்தை அழிக்காமல் தனியே உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டி, இரண்டையும் காப்பாற்றியது. ஆனால் இதைப் படித்துவிட்டு உங்கள் கோயிலில் சுவரைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். கருவிகளும் ஆட்களும் இருக்கிற ஒரு துறை வருடக்கணக்கில் செய்த வேலை அது.

கல்வெட்டுகளைத்தான் எல்லாம் படித்தாகிவிட்டதே, கல் போனால் என்ன?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் நியாயமான கேள்விதான். 1880-களிலிருந்து படி எடுக்கிறார்கள், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி 1890-லிருந்து வருகிறது. கல்லைச் சுத்தம் செய்து, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து வரும். அதுதான் மைப்படி. மைசூரில் இருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-ல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் அவற்றின் அருமை கருதித்தான்.

ஆனால் படி எடுத்தவையெல்லாம் அச்சாகவில்லை, எல்லா ஊரிலும் படி எடுக்கவும் இல்லை. மண்ணுக்குள் புதைந்திருந்த ஜகதி (அடித்தளத்தின் கீழ்வரிசைக் கல்), பிற்காலச் சுவருக்குப் பின்னால் மறைந்த குமுதம் (அதற்கு மேல் வரும் உருண்ட வரிசை), இவற்றில் இருப்பதை யாரும் பார்த்ததே இல்லை. திருப்பணியில் தரையைத் தோண்டும்போதுதான் பல கல்வெட்டுகள் முதல்முறையாக வெளியே வருகின்றன, அதே வாரத்தில் கான்கிரீட்டுக்கு அடியில் போயும் விடுகின்றன. அச்சானதிலும் வாசிப்பில் ஐயம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கக் கல் வேண்டும்.

நம் முன்னோர் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்று ஒன்று சொல்கிறேன். திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் உத்தரவிட்டபோது, அதில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கட்டி முடித்தபின் ராஜேந்திரன் காலத்தில் புதுச்சுவரில் திரும்ப வெட்டினார்கள். திருக்கோடிகாவலில் சோழ அரசி செம்பியன் மாதேவியும் பழைய கற்களில் இருந்ததைப் படியெடுத்துப் புதுக் கற்றளியில் (கற்கோயிலில்) ஏற்றினார். இடிக்கும் முன் பதிவு செய் என்பது எந்த வெளிநாட்டு நிறுவனமும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆயிரம் வருடத்துக்கு முன்பே கோயிலில் நடந்த வழக்கம். நடுவில் விட்டுவிட்டோம். மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எல்லாக் குழுவிடமும் நான் மன்றாடுகிறேன்.

முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டால் போதாதா? இனி எல்லாம் டிஜிட்டல்தானே?

எடுக்க முடிந்தால் கட்டாயம் எடுங்கள். பாரிஸில் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்தது. அதற்குச் சில வருடம் முன்பு ஒரு கலை வரலாற்றுப் பேராசிரியர் லேசர் ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார், திரும்பக் கட்டும்போது அது பெரிய துணை. 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். ஆனால் ஸ்கேனோடு தச்சர்களும் கல்தச்சர்களும் அங்கே இருந்தார்கள். கோடரியால் ஓக் மரம் செதுக்கத் தெரிந்த கை இல்லாவிட்டால் அந்த ஸ்கேன் ஒரு கோப்புதான்.

சரி, பதிவே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றில் இருந்தன. கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், அந்த ஏடுகளைத் திரும்ப எழுத முடியவில்லை. நூலகம் நிறுவனம் போன்றவர்கள் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை வருடக்கணக்காக ஸ்கேன் செய்து எல்லாருக்கும் திறந்து வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் புரியும்.

ஆக, பதிவு வேண்டும், பொருளும் வேண்டும். டிஜிட்டல் கோப்புக்கும் பராமரிப்பு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். பத்து வருடம் முன்பு சிடியில் போட்டு வைத்த கோயில் படங்களை இன்று திறக்க முடியாமல் தவிக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். மூன்று இடத்தில் பிரதி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுவது, ஒவ்வொரு படத்துக்கும் இடமும் தேதியும் எழுதுவது. எங்கே எடுத்தது என்று தெரியாத படத்தால் யாருக்கும் உபயோகமில்லை.

ஏஐ கல்வெட்டைப் படித்துவிடும் என்கிறார்களே?

உதவும். தேய்ந்த எழுத்துக்கு இது இதுவாக இருக்கலாம் என்று யோசனை சொல்லும், ஆயிரம் படத்தில் ஒரு ஊர்ப்பெயரைத் தேடித் தரும். ஆனால் நல்ல படம் கொடுத்தால்தான், அதுவும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம். யந்திரம் ஊகித்த எழுத்தை ஊகம் என்று குறிக்காமல் விட்டால், நாளைக்கு இல்லாத அரசனுக்கு வரலாறு எழுதிவிடுவோம்.

படம் எடுப்பதால் சிலைத் திருட்டு நிற்குமா?

திருட்டை நிறுத்த பூட்டும் ஆளும் வேண்டும். ஆனால் போன சிலை திரும்ப வர வேண்டுமானால் படம்தான் சாட்சி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் போய் நின்றார், 2008-ல் அவர்கள் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலில் வைத்தே எடுத்த பழைய புகைப்படம் இருந்ததால்தான் இது அந்தச் சிலையேதான் என்று நிரூபிக்க முடிந்தது. 2014-ல் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரோடு சேர்ந்து திரும்பி வந்தார். அந்த நிறுவனத்தில் 1950-களிலிருந்து சேர்த்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. எடுத்தவர்கள் ஆராய்ச்சிக்காகத்தான் எடுத்தார்கள், அது நீதிமன்றம் வரை போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கோயில் உற்சவர்களை முன், பின், இரண்டு பக்கம், பீடத்தின் அடி என்று படம் எடுங்கள், உயரம் அளந்து எழுதுங்கள். கீறல், வார்ப்புக் குறை இருந்தால் அதைக் கிட்டத்தில் எடுங்கள், அடையாளம் காட்டுவது அதுதான். ஆனால் அந்தப் படங்களைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். கோயில் அலுவலகத்தில் ஒரு பிரதி, நம்பகமான இருவரிடம் ஒவ்வொன்று.

வெயில், மழை, கடல் எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. இதற்கு எதாவது செய்ய முடியுமா?

கடலை நிறுத்த முடியாது. தரங்கம்பாடியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் உப்புக்காற்று கல்லை அரிக்கிறது, காகிதக் கூழ் பற்றுப் போட்டு உப்பை உறிஞ்சி எடுப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும்.

உள்நாட்டுக் கோயில்களில் பிரச்சினை பெருமழை. ஒரு வாரத்தில் பெய்ய வேண்டியது ஒரே இரவில் கொட்டுகிறது. கோமுகமும் (கருவறை அபிஷேக நீர் வெளியேறும் வாய்) தளத்தின் நீர்த்தாரைகளும் அடைத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்தான் போகும். ஐப்பசிக்கு முன்னால் தளத்தில் ஏறி இலைதழை கூட்டுவது, விமானத்தில் முளைத்த செடியைச் சின்னதாக இருக்கும்போதே எடுப்பது, பிரகாரத்துத் தண்ணீர் பழையபடி குளத்துக்குப் போகும் வாய்க்காலைத் திறப்பது. குளம் நிறைந்தால் ஊருக்கும் நல்லது. வருடம் ஒருநாள் வேலை இது, ஒரு லட்ச ரூபாய் திருப்பணியைத் தள்ளிப்போடும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? யார் பொறுப்பு?

மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் தமிழ்நாட்டில் சுமார் 400 சின்னங்கள்தான். அவற்றுக்கு 1958-ஆம் வருடச் சட்டம். 2010 திருத்தத்தின்படி சுற்றி 100 மீட்டர் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதியோடுதான். மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ஆம் வருடச் சட்டம், அதன் பட்டியல் இன்னும் சிறியது. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் 40,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன, நம் பழைய கோயில்களில் பெரும்பாலானவை இங்கேதான். அங்கே திருப்பணிக்கு மண்டலக் குழு, மாநில வல்லுநர் குழு என்று ஒப்புதல் படிகள் உண்டு. குழுவில் தொல்லியல் அறிஞர் என்ன கருத்து எழுதினார் என்று கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மரபுச் சின்னங்களுக்குத் தனி ஆணையம் அமைக்க 2012-லேயே சட்டம் போட்டார்கள், நடைமுறைக்கு வராமல் பல வருடம் கிடந்தது. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் 75 உத்தரவுகள் போட்டு இதையெல்லாம் நினைவுபடுத்தியது. சட்டம் போதுமான அளவு இருக்கிறது என்பதே என் எண்ணம். ஒப்பந்தக்காரர் சாரம் கட்டும் நாளில் சட்டம் தெரிந்த ஒருவர் அங்கே நிற்பதில்லை.

சரி, திருப்பணி அடுத்த மாதம் ஆரம்பம். நான் சாதாரண ஆள். என்ன செய்ய?

பாலாலயம் (திருப்பணி முடியும்வரை சாமியைத் தற்காலிக இடத்தில் வைப்பது) செய்வதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் போங்கள். கோயிலைச் சுற்றி வலமாக நடந்து, கீழே ஜகதியிலிருந்து மேலே கூரை விளிம்பு வரை ஒவ்வொரு சுவரையும் வரிசையாகப் படம் எடுங்கள், ஒரு படத்தில் முடியும் இடம் அடுத்த படத்தில் கொஞ்சம் வரட்டும். பின்னால் முப்பரிமாண மாதிரி செய்ய நினைத்தாலும் இதே படங்கள் உதவும். ஒரு அளவுகோலைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கல்வெட்டுக்கு மட்டும் இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள், பகலில் கண்ணுக்கே தெரியாத எழுத்து துலங்கும். சாக்பீஸோ மாவோ தேய்க்க வேண்டாம்.

அப்புறம் குழுத் தலைவரிடம் பேசுங்கள். சண்டை போடாதீர்கள், அவரும் கோயிலை நேசிப்பவர்தான். கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரின் பழைய பெயர், யார் விளக்கு வைத்தார்கள், எந்தக் குளத்துக்கு யார் நிலம் கொடுத்தார்கள் என்று கேட்டபிறகு அதன் மேல் டைல்ஸ் ஒட்டுகிறவரை நான் இதுவரை பார்க்கவில்லை. கற்களைப் பிரிக்கிறார்களா? ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் படம் எடுத்த பிறகே பிரிக்கச் சொல்லுங்கள். எண்ணைக் கல்லின் முகத்தில் எனாமலால் எழுதக் கூடாது, உள்பக்கம் எழுதலாம். தோண்டும்போது சிலையோ செப்பேடோ கிடைத்தால் உடனே தாசில்தாருக்குச் சொல்ல வேண்டும், 1878-லிருந்தே அதற்குப் புதையல் சட்டம் இருக்கிறது. மறைத்து வைத்தால் கோயிலுக்குத்தான் கெட்ட பெயர்.

திருப்பணி ஏற்கெனவே முடிந்துவிட்டது. கல்வெட்டின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். முதலில், யாரையும் சுரண்ட விடாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், தின்னர் எதுவும் வேண்டாம். வெறும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் கவலை குறைவு, தெரிந்த ஆள் பொறுமையாக எடுத்துவிடுவார். எனாமல் என்றால் அதற்கேற்ற கரைப்பானை ஒரு ஓரத்தில் சோதித்து, பற்றுப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும், செலவும் ஆகும். எழுத்து உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், அடுத்த வருடம் எடுத்தாலும் கெட்டுப்போகாது. அதுவரை அந்த இடத்தின் பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கல்யாண ஆல்பத்தைக் கூட விடாதீர்கள், மணமக்கள் பின்னால் கோயில் சுவர் இருக்கும்.